சட்டசபை ஓய்ந்திருக்கும் காலம்

"சட்டசபை நாள் குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது." இச்செய்தியை வானொலியிற் கேளாதவர் இலர். கேட்பவருட் சிலர் சபை கலைந்துவிட்டது போலும் என்று எண்ணுவர். சிலர் அங்கத்தவர்க்கு விடுமுறை கிடைத்தது என்று கருதி அமைவர். ஒத்திவைப்பு வேறு, கூட்டத்தொடரை முடித்துவைத்தல் வேறு, கலைப்பு வேறு என்பதைப் பலர் நினைப்பதில்லை. ஆயினும் இம்மூன்றுக்கும் இடையேயுள்ள வேற்றுமையில் ஒரு மந்திரிசபையின் வாழ்வும், ஒரு சட்டத்தின் உயிரும், சில வேளைகளில் ஒரு மாநிலத்தின் மக்களாட்சியும் தங்கியிருந்ததுண்டு. இந்தியாவின் மாநிலச் சட்டசபைகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பள்ளிக்கூடத்தை உவமையாகக் கொண்டால் இம்மூன்றும் எளிதில் விளங்கும். மாலையில் மணி அடிக்கிறது. பிள்ளைகள் வீடு செல்கின்றனர். மறுநாட் காலையில் விட்ட பாடத்திலிருந்தே வகுப்புத் தொடர்கிறது. இது ஒத்திவைப்பைப் போன்றது. தவணை முடிகிறது, விடுமுறை வருகிறது, அடுத்த தவணை புதிய நேரசூசியோடு தொடங்குகிறது. இது கூட்டத்தொடரை முடித்துவைத்தலைப் போன்றது. மாணவர் அனைவரும் படிப்பு முடிந்து வெளியேறப் புதிய மாணவர் வந்து சேர்வது கலைப்பைப் போன்றது. கலைப்பின் பின்னர்ப் பொதுத் தேர்தலின்றிச் சபை கூட முடியாது.

இம்மூன்று அதிகாரமும் ஒருவர் கையில் இல்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. சபையை ஒத்திவைப்பவர் சபாநாயகர். ஒரு மணி நேரத்துக்கும் ஒத்திவைக்கலாம். ஒரு வாரத்துக்கும் ஒத்திவைக்கலாம். நாள் குறிப்பிடாமலும் ஒத்திவைக்கலாம். கூட்டத்தொடரை முடித்துவைப்பவரும், மீண்டும் கூட்டுபவரும், கலைப்பவரும் மாநிலத்தின் ஆளுநர். ஆனால் ஆளுநர் தம் விருப்பப்படி இவற்றைச் செய்பவர் அல்லர். மந்திரிசபையின் ஆலோசனைப்படி செய்பவர். ஆகவே சபையின் கதவுக்கு இரு பூட்டுகள் உண்டு எனலாம். உட்பூட்டின் திறவுகோல் சபாநாயகரிடம் இருக்கிறது. வெளிப்பூட்டின் திறவுகோல் ஆளுநர் பெயரில் இருப்பினும், அதைத் திருப்பும் கை மந்திரிசபையின் கையே.

இவ்வேற்பாடு இங்கிலாந்திலிருந்து வந்தது. அங்குப் பாராளுமன்றத்தை அழைப்பதும் அனுப்பிவிடுவதும் அரசனின் உரிமையாக இருந்தன. முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1629ஆம் ஆண்டிற் பாராளுமன்றத்தைக் கலைத்து, 1640ஆம் ஆண்டுவரை அதனைக் கூட்டாமலே 11 ஆண்டுகள் ஆண்டான். சபையை ஒழிக்க வேண்டியதில்லை, அதனைக் கூட்டாமல் விட்டாலே போதும் என்ற பாடத்தை உலகம் அவனிடம் கற்றது. பிற்காலத்தில் அரசியலமைப்பு வகுத்தோர் யாவரும், சபை ஓய்ந்திருக்கும் காலத்துக்கு ஓர் எல்லை வேண்டும் என்று கருதியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

இந்திய அரசியலமைப்பின் 174ஆம் உறுப்புரை அந்த எல்லையை வகுக்கிறது. ஒரு கூட்டத்தொடரின் கடைசி அமர்வுக்கும் அடுத்த கூட்டத்தொடரின் முதல் அமர்வுக்கெனக் குறித்த நாளுக்கும் இடையில் 6 மாதம் கழியக்கூடாது என்பது அதன் விதி. 1950ஆம் ஆண்டில் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தபோது, சபை ஆண்டுக்கு இருமுறையேனும் கூட்டப்படல் வேண்டும் என்ற வாசகமும் அதில் இருந்தது. 1951ஆம் ஆண்டில் நிறைவேறிய முதலாவது திருத்தம் அவ்வாசகத்தை நீக்கிற்று. அவ்வாறே, ஒவ்வொரு கூட்டத்தொடரின் தொடக்கத்திலும் ஆளுநர் உரை நிகழ்த்த வேண்டும் என்றிருந்த விதியும் மாற்றப்பட்டது. பொதுத் தேர்தலின் பின்னர் வரும் முதற் கூட்டத்தொடரிலும், ஒவ்வோர் ஆண்டின் முதற் கூட்டத்தொடரிலும் மட்டும் அவ்வுரை நிகழ்ந்தாற் போதும் என்றாயிற்று. ஆறு மாத எல்லை மட்டும் அன்றுபோல் இன்றும் நிலைத்திருக்கிறது.

சபை எவ்வாறு கூட்டப்படுகிறது? முதலில் மந்திரிசபை நாளைத் தீர்மானிக்கிறது. அத்தீர்மானம் ஆளுநருக்குச் செல்கிறது. ஆளுநரின் கட்டளை வெளியானதும், சபையின் செயலாளர் ஒவ்வோர் அங்கத்தவருக்கும் தனித்தனியே அழைப்பு அனுப்புகிறார். குறித்த நாளிற் சபாநாயகர் ஆசனத்தில் அமர்கிறார். மொத்த அங்கத்தவரிற் பத்திலொரு பங்கினர், அல்லது 10 பேர், இவற்றுள் எது பெரிதோ அத்தனை பேர் சபையில் இருத்தல் வேண்டும். இதுவே கூட்டநடப்பெண். அது குறைந்தாற் சபாநாயகர் சபையை ஒத்திவைக்க வேண்டும். அல்லது எண் நிரம்பும்வரை அமர்வை நிறுத்திவைக்க வேண்டும்.

கூடும் இடமும் எப்பொழுதும் ஒன்றாக இருப்பதில்லை. மகாராட்டிரச் சட்டசபை பம்பாயிற் கூடினும், குளிர்காலத்தில் நாகபுரியில் கூடும் வழக்கத்தை உடையது. மராத்தி பேசும் பகுதிகள் ஒன்றாக இணைவதற்காக 1953ஆம் ஆண்டில் தலைவர்கள் செய்துகொண்ட நாகபுரி உடன்பாட்டின் பயன் இது. கருநாடக மாநிலம் வடபகுதியிலுள்ள பெல்காமில் 2012ஆம் ஆண்டில் ஒரு சட்டசபை மாளிகையைத் திறந்து, அங்கும் கூடிவருகிறது. தலைநகருக்குத் தூரமான மக்களும் தம் பிரதிநிதிகளின் குரலை அருகிலிருந்து கேட்க வேண்டும் என்பது இவற்றின் கருத்து.

இனி, சபை ஓயும்போது அதன் கையிலிருந்த வேலை என்னாகும் என்பதைப் பார்ப்போம். ஒத்திவைப்பினால் ஒன்றும் அழிவதில்லை. விட்ட இடத்திலிருந்து வேலை தொடரும். கூட்டத்தொடர் முடித்துவைக்கப்படின், அங்கத்தவர் கொடுத்த வினாக்கள், பிரேரணைகள் முதலியவற்றின் அறிவித்தல்கள் பெரும்பாலும் காலாவதியாகின்றன. அடுத்த தொடரில் அவற்றைப் புதிதாகக் கொடுக்க வேண்டும். ஒரு கிராமத்துக் குளக்கட்டு உடைந்தது ஏன் என்று ஓர் அங்கத்தவர் கேட்க எண்ணியிருந்தால், அவ்வினா மழைக்காலம் கடந்து, அடுத்த தொடர்வரை காத்திருக்கும். ஆயினும் மசோதாக்கள் அழிவதில்லை. பண்டை இங்கிலாந்து வழக்கில், தொடர் முடிந்ததும் நிறைவேறாத மசோதாவும் மடிந்துவிடும். இந்திய அரசியலமைப்பின் 196ஆம் உறுப்புரை அவ்வழக்கை ஏற்கவில்லை. தொடர் முடிவதனால் மசோதா மடியாது என்று அது தெளிவாகக் கூறுகிறது.

கலைப்பின் விளைவு இதனினும் கடியது. சட்டசபையில் நிலுவையிலுள்ள மசோதாவும், சட்டசபையில் நிறைவேறி மேற்சபையில் நிலுவையிலுள்ள மசோதாவும் கலைப்போடு மடிந்துவிடும். மேற்சபையிலே தொடங்கி, இன்னும் சட்டசபைக்கு வந்து நிறைவேறாத மசோதா மட்டும் உயிரோடிருக்கும். ஏனெனில் மேற்சபை கலைக்கப்படுவதில்லை. இரண்டாண்டுக்கு ஒருமுறை அதன் அங்கத்தவரில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினர் விலகப் புதியவர் வருவர். ஆனால் மேற்சபையுள்ள மாநிலங்கள் மிகச் சிலவே.

சபை ஓய்ந்திருக்கும் காலத்தில் அரசாங்கம் ஓய்ந்திருப்பதில்லை. வெள்ளம் வரலாம், நோய் பரவலாம், உடனடியாகச் சட்டம் ஒன்று வேண்டியிருக்கலாம். இதற்காகவே 213ஆம் உறுப்புரை ஆளுநருக்கு அவசரச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. ஆனால் அதற்கும் எல்லை உண்டு. சபை மீண்டும் கூடிய நாளிலிருந்து 6 வாரம் கழிந்தால் அவசரச் சட்டம் தானே செயலிழந்துவிடும். ஆறு மாத ஓய்வையும் இந்த ஆறு வாரத்தையும் கூட்டினால், எந்த அவசரச் சட்டமும் ஏறக்குறைய ஏழரை மாதத்துக்கு மேல் வாழ இயலாது. அரசியலமைப்பை வகுத்தோர் கருதியது இதுவே.

ஆனால் எல்லையை வகுத்தவர் ஒருவராயின், அதனைத் தாண்டும் வழியைக் கண்டவர் மற்றொருவர். பீகார் மாநிலத்தில் 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டு உயிரோடு வைக்கப்பட்டன. சபை கூடும், கலைந்து செல்லும், அச்சட்டங்கள் சபையின் முன் மசோதாவாக வருவதில்லை, தொடர் முடிந்ததும் அதே வாசகத்தோடு மீண்டும் பிறப்பிக்கப்படும். கரும்பு கொள்வனவு பற்றிய ஓர் அவசரச் சட்டம் இவ்வாறு 13 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. புனா நகரத்துப் பொருளாதார அறிஞர் டி. சி. வாத்வா என்பவர் இதனை ஆராய்ந்து நூலாக வெளியிட்டதோடு அமையாது, உச்ச நீதிமன்றத்திலும் வழக்குத் தொடுத்தார். 1986ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் நீதிமன்றம், சட்டம் இயற்றுவது சபையின் தொழில், அதனை நிருவாகம் இவ்வழியாற் கைப்பற்றுதல் அரசியலமைப்பை வஞ்சித்தலாகும் என்று தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டில் ஏழு நீதிபதிகள் கொண்ட ஆயம் இக்கருத்தை மேலும் வலியுறுத்தி, அவசரச் சட்டத்தைச் சபையின் முன் வைத்தல் கட்டாயக் கடமை என்றும் கூறியது.

பீகாரில் நிருவாகம் சபையைக் கடந்து சென்றது. பஞ்சாபில் நிகழ்ந்ததோ சபாநாயகருக்கும் ஆளுநருக்கும் இடையேயான போராட்டம். 1968ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அம்மாநிலச் சட்டசபை வரவு செலவுத் திட்டத்துக்காகக் கூடியிருந்தது. லச்மன் சிங் கில் முதன் மந்திரியாக இருந்தார். சபாநாயகர்மீதே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவரப்பட்டது. சபையிற் குழப்பம் மிகுந்தது. மார்ச் 7ஆம் நாள் சபாநாயகர் சபையை இரண்டு மாதங்களுக்கு ஒத்திவைத்துவிட்டார்.

இதன் விளைவைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். நிதியாண்டு மார்ச் 31ஆம் நாள் முடிகிறது. சபையின் அனுமதியின்றித் திரட்டு நிதியிலிருந்து ஒரு காசும் எடுக்க முடியாது. சபை மே மாதம்வரை கூடாதாயின், ஏப்பிரல் மாதத்தில் ஆசிரியருக்கும் பொலிசாருக்கும் வைத்தியசாலைத் தாதியருக்கும் சம்பளம் கொடுக்கச் சட்டபூர்வமான வழி இல்லை. ஒரே ஓர் ஒத்திவைப்பு ஒரு மாநிலத்தின் இயக்கத்தையே நிறுத்தவல்லதாயிற்று.

ஆளுநர் மந்திரிசபையின் ஆலோசனைப்படி மார்ச் 11ஆம் நாள் கூட்டத்தொடரையே முடித்துவைத்தார். தொடர் முடிந்ததனால் சபாநாயகரின் ஒத்திவைப்பும் பொருளற்றதாயிற்று. மார்ச் 13ஆம் நாள், நிதி அலுவல் முடியும்வரை சபையின் சம்மதமின்றிச் சபையை ஒத்திவைக்கலாகாது என்று ஓர் அவசரச் சட்டம் பிறந்தது. மார்ச் 18ஆம் நாள் சபை மீண்டும் கூட்டப்பட்டது. சபாநாயகரோ, தாம் முன்னர்ச் செய்த ஒத்திவைப்பே செல்லும் என்று கூறி ஆசனத்தை விட்டு வெளியேறினார். பிரதிச் சபாநாயகர் அவ்வாசனத்தில் அமர்ந்தார். ஒதுக்கீட்டு மசோதாக்கள் நிறைவேறின. மாநில உயர் நீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என்றது. அதே ஆண்டு ஜூலை மாதத்தில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றி, ஆளுநர் செய்தது முறையே என்று முடிவு கூறியது. சபையை ஒத்திவைக்கும் அதிகாரம் சபையின் வேலையைச் சீராக நடத்துவதற்கே அன்றி, சபையையே வேலை செய்யவொட்டாமல் தடுப்பதற்கு அன்று என்பது இவ்வரலாறு தரும் பாடம்.

ஆளுநரே எல்லை மீறினாற் செய்வது யாது? 2015ஆம் ஆண்டு இந்தியாவின் வடகிழக்குக் கோடியிலுள்ள அருணாசலப் பிரதேசத்தில் இவ்வினா எழுந்தது. 60 அங்கத்தவர் கொண்ட அச்சபையில் ஆளுங் கட்சியைச் சேர்ந்த 21 பேர் முதன் மந்திரி நபாம் துக்கிக்கு மாறாக நின்றனர். சபை 2016ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் நாள் கூடுமென முன்னரே அறிவிக்கப்பட்டிருந்தது. ஆளுநர் மந்திரிசபையைக் கலந்து ஆலோசியாமல், அந்நாளை 2015 டிசம்பர் 16 என மாற்றினார். சபாநாயகரை நீக்கும் பிரேரணையை முதலில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்றும் செய்தி அனுப்பினார். சட்டசபைக் கட்டடம் பூட்டப்பட்டிருந்தது. கிளர்ச்சி செய்த அங்கத்தவர் முதல் நாள் ஒரு சமூக மண்டபத்திலும், மறுநாள் ஒரு ஹோட்டலிலும் கூடிச் சபாநாயகரையும் முதன் மந்திரியையும் நீக்கியதாகத் தீர்மானித்தனர். 2016 ஜனவரி 26ஆம் நாள் ஜனாதிபதி ஆட்சி பிரகடனம் செய்யப்பட்டது.

அவ்வாண்டு ஜூலை 13ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட ஆயம் ஆளுநரின் கட்டளையைச் செல்லாததாக்கியது. சபையைக் கூட்டுவதும் முடித்துவைப்பதும் கலைப்பதும் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே நிகழவேண்டும். மந்திரிசபை சபையின் நம்பிக்கையை இழந்துவிட்டது என்று கருத இடமுள்ளபோது, பெரும்பான்மையைச் சபையில் நிரூபிக்குமாறு ஆளுநர் கேட்கலாம். சபைக்குள் நிகழும் கட்சிப் பூசலிலோ சபாநாயகரின் நீக்கத்திலோ அவருக்குப் பங்கில்லை என்று நீதிமன்றம் விளக்கியது. நீக்கப்பட்ட அரசாங்கம் மீண்டது. ஆனால் சில நாட்களுக்குள்ளேயே நபாம் துக்கி பதவி விலக, அவர் கட்சியிலிருந்தே வேறொருவர் முதன் மந்திரியானார். நீதிமன்றம் சபையின் கதவைத் திறந்துவிடலாம். உள்ளே பெரும்பான்மையைத் தேடித் தருதல் அதன் தொழில் அன்று.

அண்மையில் எழுந்த வேறொரு வழக்கு, இக்கட்டுரையின் தொடக்கத்திற் கூறிய வேற்றுமையையே நேராகத் தொட்டது. அதுவும் பஞ்சாபில் எழுந்தது. 2023ஆம் ஆண்டில் அங்கு வரவு செலவுத் திட்டக் கூட்டத்தொடர் மார்ச் 3ஆம் நாள் தொடங்கி, அம்மாத இறுதிக்குள் நாள் குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்பட்டது. ஆனால் தொடர் முறைப்படி முடித்துவைக்கப்படவில்லை. ஆகவே சபாநாயகர் ஆளுநரின் புதிய அழைப்பு எதுவுமின்றி ஜூன் 19, 20ஆம் நாட்களிற் சபையைக் கூட்டினார். நான்கு மசோதாக்கள் நிறைவேறின. அந்த அமர்வே சட்டவிரோதம் என்று கருதிய ஆளுநர் அவற்றுக்குச் சம்மதம் அளிக்கவில்லை. நவம்பர் 10ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு தெளிவானது. நாள் குறிப்பிடாமல் ஒத்திவைத்தலும் தொடரை முடித்துவைத்தலும் ஒன்றல்ல. தொடர் முடித்துவைக்கப்படாதவரை சபையை மீண்டும் கூட்டுதல் சபாநாயகரின் உரிமை. அந்த அமர்வு செல்லும் என்று அது கூறிற்று.

சட்டத்தின் எழுத்தை நோக்கின் இத்தீர்ப்பு முறையானதே. ஆயினும் இதிலும் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தொடரை முடிக்காமலே வைத்திருக்கும் அரசாங்கம், புதிய தொடரைத் தொடங்கும் கடமையைத் தள்ளிப்போட்டு, தனக்கு வேண்டிய நாளிற் சபையைக் கூட்டிக்கொள்ளலாம். அவசரச் சட்டம் வேண்டிய அரசாங்கமோ தொடரை விரைந்து முடிக்க விரும்பும். சபை அமர்ந்திருக்கும் வேளையில் அவசரச் சட்டம் பிறவாது அன்றோ! ஆகவே முடிப்பதிலும் உபாயம் உண்டு. முடிக்காமல் விடுவதிலும் உபாயம் உண்டு. மேலும், 6 மாதத்துக்கு ஒருமுறை ஓரிரு நாட் கூடிக் கலைந்தாலும் 174ஆம் உறுப்புரையின் எழுத்து நிறைவேறிவிடும். சபை கூடவேண்டும் என்று சட்டம் கட்டளையிடலாம். எத்தனை நாள் இருந்து உழைக்க வேண்டும் என்று அவ்வுறுப்புரை கூறவில்லை.

இலங்கை நேயர்களுக்கு இவ்விடயம் அயலார் கதை மட்டும் அன்று. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் நாள் இலங்கைப் பாராளுமன்றத்தின் கூட்டத்தொடர் திடீரென முடித்துவைக்கப்பட்டதும், நவம்பர் 9ஆம் நாள் பாராளுமன்றமே கலைக்கப்பட்டதும், டிசம்பர் 13ஆம் நாள் உயர் நீதிமன்றம் அக்கலைப்பு அரசியலமைப்புக்கு மாறானது எனத் தீர்ப்பளித்ததும் பலர் நினைவில் இருக்கும். அந்நாட்களில் வீட்டுத் திண்ணைகளிலும் தேநீர்க் கடைகளிலும் மக்கள் விவாதித்தது ஒரு வினாவைத்தான்: சபையில் யாருக்குப் பெரும்பான்மை என்பதைச் சபை கூடாமல் எவ்வாறு அறிவது? அருணாசலத்து மலைகளிலும் பஞ்சாபின் வயல்களிலும் எழுந்த வினாவும் அதுவே.

மக்கள் தேர்ந்தனுப்பிய பிரதிநிதிக்குச் சபையில் ஓர் ஆசனம் உண்டு. சபை கூடியிருக்கும்போது அவ்வாசனத்துக்கு வலிமை உண்டு. மந்திரி எழுந்து விடை கூறவேண்டும். சபை ஓய்ந்திருக்கும்போது அவ்வாசனம் வெறும் மரமே. ஆதலால் "சபை ஒத்திவைக்கப்பட்டது" என்ற செய்தியை இனிக் கேட்பவர், அதனோடு மூன்று வினாக்களையும் சேர்த்துக் கேட்டல் நன்று. ஒத்திவைத்தவர் யார்? தொடர் முடிந்ததா, முடியவில்லையா? மீண்டும் கூடும் நாள் எது? இவ்வினாக்களை மக்கள் மறவாதிருக்கும் நாட்டிற் சபையின் கதவு நெடுநாள் மூடிக் கிடப்பதில்லை.